சென்னம்மாளிடம் விட்ட பிள்ளைகள்

தை பிறந்தால் கொல்லிமலையில் இரண்டு காரியம் சேர்ந்தே நடக்கும். கொடிகளில் மிளகு முற்றும். பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும். விடிந்து வெகுநேரம் ஆகியும் பனி விலகாத அந்த நாட்களில்தான் தோட்டக்காரர்கள் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அந்த வேலையை விட்டால் அடுத்த தைக்குத்தான் அப்படி ஒரு வேலை. அதனால் மூக்கொழுகும் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெண்கள் நேரே வந்து நிற்கிற இடம் சென்னம்மாளின் வாசல்.

சென்னம்மாளும் மிளகு பறித்தவள்தான். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, கணுவில் கால் வைத்து ஏறிப் பறிக்கிற வேலை அது. ஆண்களே அண்ணாந்து பார்த்து யோசிக்கிற உயரத்துக்கு அவள் மடியில் சாக்கைக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிடுவாள். ஒருநாள் பனி ஈரத்தில் மூங்கில் வழுக்கிக் கீழே விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, பின்னால் கூடியது. கூடியது கோணலாகக் கூடிவிட்டது. அன்றிலிருந்து வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடை. புருஷன் மாதன் அதற்கு முந்தியே காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தான். மகளைப் புளியஞ்சோலைப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. மரமேற முடியாதவளை எந்தத் தோட்டத்திலும் கூப்பிடவில்லை.

முதல் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவள் பக்கத்து வீட்டுப் பாப்பாயி. "சும்மாதானுங்கக்கா உக்காந்திருக்கீங்க, இவனைக் கொஞ்சம் பாத்துக்குங்க, சாயங்காலம் வந்துர்றேன்" என்று சொல்லி விட்டுப் போனாள். மறுநாள் இன்னொருத்தி வந்தாள். அங்கன்வாடி ஓடைக்கு அந்தப் பக்கம், அடுத்த ஊரில் இருந்தது. தவழுகிற பிள்ளையையும் தத்துகிற பிள்ளையையும் அங்கே விட முடியாது. இரண்டு மூன்று வருடத்துக்குள் சென்னம்மாளின் வீடு பிள்ளைக்காடாகிவிட்டது. சாமையோ கேழ்வரகோ குச்சிக்கிழங்கோ, அவரவருக்கு முடிந்ததைக் கொண்டுவந்து போடுவார்கள். அவளும் கேட்டு வாங்கியதில்லை.

அவளுக்கு அந்த வேலை கைவந்திருந்தது. விட்டத்தில் வரிசையாகத் தூளி தொங்கும். ஒரு தூளியின் கயிற்றை நல்ல காலின் பெருவிரலில் மாட்டிக்கொள்வாள். கை சாமை புடைக்கும், கால் தூளி ஆட்டும், வாய் மூலையில் சண்டை போடுகிறவர்களை அதட்டும். தூளிக்குள் பிள்ளை புரண்டால் கயிறு விரலுக்குச் சொல்லிவிடும். திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை.

மருந்து அந்த வீட்டுக்குள் வந்ததும் தாய்மார்கள் கையால்தான். ஒரு தை மாதம் பாப்பாயி ஒரு சிறிய பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மத்தியானம் ஒரு மூடி ஊத்திருங்க. கீழ மெடிக்கல்ல வாங்குனது. குடிச்சா நல்லாத் தூங்குறான்."

நல்லாத்தான் தூங்கினான். காலையெல்லாம் இருமி இருமி அழுது மற்ற பிள்ளைகளையும் கிளப்பிவிட்டவன், ஒரு மூடி உள்ளே போனதும் சாய்ந்துவிட்டான். சாயங்காலம் தாய் வந்து எழுப்பினால்தான் எழுந்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். சென்னம்மாளுக்கு எழுத்து தெரியாது. எந்தப் பாட்டில் எந்தப் பிள்ளைக்கு என்று மாறிப்போகக் கூடாதே என்று ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒவ்வொரு நிறத்தில் நூலைக் கட்டி மாடக்குழியில் அடுக்கி வைத்தாள். ஒருநாளும் மாற்றி ஊற்றியதில்லை. அவ்வளவு கவனம்.

மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிற நர்சம்மா மட்டும் சத்தம் போடுவாள். "கைக்குழந்தைக்குக் கடையில வாங்கி ஊத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சளி தானா வரும், தானாப் போகும். தாய்ப்பால் குடுங்க, வெதுவெதுன்னு தண்ணி குடுங்க, மூக்கைத் தொடைச்சு விடுங்க. மூச்சு வாங்குனா உடனே தூக்கிட்டு வாங்க." பெண்கள் தலையாட்டுவார்கள். அவள் வண்டி திரும்பியதும், "சுடுதண்ணி குடுன்னு சொல்ல ஒரு நர்சு" என்று சிரிப்பார்கள். சென்னம்மாளும் சிரித்திருக்கிறாள்.

பிறகு ஒரு நாள், மருந்து கொண்டுவர மறந்துவிட்ட தாயின் பிள்ளை பகல் முழுக்க வீறிட்டது. அடுத்த வாரம் செம்மேட்டுக்குப் போன பாப்பாயியிடம் சொல்லி, வீட்டுக்கென்று சென்னம்மாளே ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டாள். அதன் கழுத்தில் நூல் இல்லை. அது எல்லாப் பிள்ளைக்கும் பொது.

கோகிலவாணி அந்த ஊருக்கு வாழ வந்தவள். இருபத்திரண்டு வயசிருக்கும். புருஷன் பிரவீன் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் வடக்கே போயிருந்தான். எந்த ஊரில் துளை போடுகிறான் என்பது அவன் போன் செய்தால்தான் தெரியும். மாமியார் அத்தாயி வாய் நீளமானவள். பிள்ளை இருமினாலும் மருமகள்மேல்தான் குற்றம்: "ஈரத்தலையோட பால் குடுத்தா இருமாம என்ன பண்ணும்?" பிள்ளைக்கு ஒன்றரை வயது, பெயர் மிதுனா. எல்லாருக்கும் மித்து.

அன்று காலை பனிமூட்டத்தில் கோகிலவாணியின் முகம் தெரியுமுன் மித்துவின் இருமல்தான் வந்து சேர்ந்தது. கூட வந்த பெண்கள் மண்பாதையில் முன்னால் போய்விட்டார்கள். கோகிலவாணிக்குக் கால் நிலைகொள்ளவில்லை.

"ராத்திரி பூராத் தூங்கலைக்கா. என்னையும் தூங்க விடலை."

"கஞ்சி குடிச்சாளா?"

"ரெண்டு வாய். வாரேனுங்கக்கா, மேஸ்திரி கத்துவான்."

காலையில் மருந்து ஏதும் கொடுத்தாயா என்று கேட்கச் சென்னம்மாள் வாயெடுத்தாள். அதற்குள் ஒரு பயல் வாசற்படியில் உருண்டு விழுந்து அலறினான். அவனைத் தூக்கிவிட்டுத் திரும்பியபோது கோகிலவாணி பனிக்குள் மறைந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் மித்து சோர்ந்து கிடந்தாள். பிறகு இருமத் தொடங்கினாள். இருமி, கொஞ்சம் வாந்தியும் எடுத்தாள். கண்ணைச் சொருகிச் சொருகி அழுதாள். தூக்கக் கலக்கம், ஆனால் இருமல் தூங்க விடவில்லை என்று சென்னம்மாள் நினைத்தாள். மாடக்குழியிலிருந்து பொதுப் பாட்டிலை எடுத்து ஒரு மூடி ஊற்றினாள். பாதி கடைவாயில் வழிந்துவிட்டதுபோல் தோன்றியது. இன்னும் அரை மூடி ஊற்றினாள். தூளியில் போட்டு, கயிற்றைக் கால்விரலில் மாட்டிக்கொண்டாள். சற்று நேரத்தில் இருமல் நின்றது.

"இப்பத்தான் எம் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டு முறத்தை எடுத்தாள்.

பனி விலகி வெயில் முற்றத்தில் விழுந்தது. மற்ற பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். ஒன்றுக்கு மூக்குத் துடைத்தாள், ஒன்றுக்குத் துணி மாற்றினாள். திரும்ப வந்து உட்கார்ந்து கயிற்றை மாட்டிக்கொண்டபோது ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. கயிறு விரலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோலக் கிடந்தது. பிள்ளை கையைக் காலை அசைத்தால் வருகிற சிறு இழுப்புகூட அதில் இல்லை.

எழுந்து தூளியை விலக்கிப் பார்த்தாள். கடைவாயில் கஞ்சி வழிந்து கழுத்தடியில் தேங்கியிருந்தது. உதடு கறுத்திருந்தது. மூச்சு ஒன்று வந்தது, கரகரவென்று. அடுத்தது வரவில்லை. வரவே வராதோ என்று நினைக்கும்போது இன்னொன்று வந்தது.

"பாப்பாயீ" என்று கூப்பிட்டாள். அன்று மேலுக்கு முடியாமல் வீட்டிலிருந்த பாப்பாயி ஓடி வந்தாள். மற்ற பிள்ளைகளை அவள் தலையில் விட்டு, கோகிலவாணிக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, சென்னம்மாள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். இடுப்பு உடைந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்த செல்லமுத்துவின் வேனை மறித்தாள். அவன் கதவைத் திறந்துவிட்டான்.

மலைமேல் இருந்த சிறிய ஆஸ்பத்திரியில் பிள்ளையின் வாயைத் துடைத்து, மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். அதற்குள் யாரோ ஒருவனின் பைக்கில் கோகிலவாணியும் வந்து இறங்கினாள். உள்ளங்கை இரண்டும் மிளகுச் சாறு பட்டுக் கறுத்திருந்தன. ஊருக்கு வருகிற அதே நர்சம்மாதான் அங்கே நின்றாள்.

"என்ன மருந்து குடுத்தீங்க?"

சென்னம்மாள் கோகிலவாணியைப் பார்த்தாள். கோகிலவாணி நர்சம்மாவைப் பார்த்தாள்.

"ஒண்ணும் குடுக்கலைங்க. சளிதாங்க. ரெண்டு நாளாச் சளி" என்றாள் கோகிலவாணி.

"நீங்க?"

"கஞ்சி குடிச்சா. தூங்குனா" என்றாள் சென்னம்மாள்.

அந்தச் சொல் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்குப் பின்னால் எத்தனை யோசித்தும் விளங்கவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. நர்சம்மாவின் கோபத்துக்குப் பயந்தாள், தாயின் முகத்துக்கும் பயந்தாள். சளிதான், சரியாகிவிடும், எதற்குச் சொல்ல வேண்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தியது. அவ்வளவுதான்.

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்சில் ஏற்றினார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வண்டி சாயும்போது இரண்டு பெண்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த பையன் பலூன் போன்ற ஒன்றைப் பிள்ளையின் முகத்தில் வைத்து விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தான். அவன் நெற்றியிலிருந்து வேர்வை பிள்ளையின் சட்டையில் சொட்டியது.

"தம்பி, நான் மருந்து குடுத்தேன்" என்றாள் சென்னம்மாள்.

பையன் அமுக்குவதை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தான்.

"சளி டானிக்கு. இருமிட்டே இருந்தா. ஒண்ணரை மூடி ஊத்துனேன்."

கோகிலவாணி மெல்லத் திரும்பினாள். "எப்பக்கா குடுத்தீங்க?"

"நீ போன கொஞ்ச நேரத்துல, கண்ணு."

கோகிலவாணி தன் கறுத்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வளைவு போயிற்று. இன்னொன்றும் போயிற்று. "நான் ஊட்லயே குடுத்துட்டுத்தான் கொண்டாந்தேன்" என்றாள். "ஒரு மூடிக்குக் கேக்கலைன்னு ரெண்டு மூடி குடுத்தேன். அது வேற பாட்டில்க்கா. பச்சைக் கலர்ல இருக்கும். வேற மருந்துக்கா."

பையன் ஒரு கையால் அமுக்கிக்கொண்டே போனை எடுத்துக் கீழே இருந்தவர்களுக்குச் சொன்னான். 

பெரிய ஆஸ்பத்திரியில் மித்துவுக்கு மெஷின்தான் மூச்சு விட்டது. நெஞ்சில் கஞ்சி இறங்கிவிட்டது என்றார்கள். ஒரு டாக்டரம்மா, சின்னப் பெண்தான், இருவரையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, கோகிலவாணி போனில் இடம் சொல்ல, பாப்பாயி எடுத்துக் கொடுத்தனுப்பிய இரண்டு பாட்டிலையும் கையில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"கலர்தான் வேற. பேர் வேற. உள்ள இருக்கறது ரெண்டுலயும் ஒரே மருந்து. சின்னக் குழந்தைக்கு அது மூச்சையும் சேத்து மந்தமாக்கிரும். நாலு வயசுக்குள்ள குடுக்கக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கு."

அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல ஏதோ இங்கிலீஷில் இருந்தது. பத்தாவது வரை படித்த கோகிலவாணி அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"சளிக்குக் கேக்கும்னுதானுங்க குடுத்தோம்" என்றாள் சென்னம்மாள்.

"கேக்காதுங்கம்மா. சின்னக் குழந்தைக்கு இது இருமலைப் பெருசாக் கொறைக்கறதில்ல. தூங்கத்தான் வைக்கும். குடுத்தாலும் குடுக்காட்டியும் சளி போற நாள்லதான் போகும்."

சென்னம்மாள் தன் வீட்டில் இருமிய பிள்ளைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பாப்பாயி மகன் மருந்து குடித்தான். மாசம் முழுக்க இருமினான். மருந்து கொண்டுவராத பிள்ளையும் அப்படித்தான் இருமியது. இத்தனை வருஷம் இதைக் கண் முன்னால் வைத்துக்கொண்டே இருந்தும் அவளுக்குத் தோன்றவில்லை. தூங்குகிற பிள்ளை குணமாகிற பிள்ளை என்று நினைத்துவிட்டாள்.

"நான் மேலயே சொல்லியிருந்தா இந்நேரம் தேறியிருப்பாளா, டாக்டரம்மா?"

டாக்டரம்மா கையிலிருந்த பாட்டிலைப் பெஞ்சில் வைத்தாள். "இதுக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணு கிடையாது. மூச்சுக்குத் தொணை பண்றதுதான். சீக்கிரம் தெரிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க" என்றாள்.

இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் சென்னம்மாள் கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

பிரவீன் வடக்கேயிருந்து ரயிலேறி வந்து சேரும்வரை மித்து மெஷினில் இருந்தாள். அவன் வந்த மறுநாள் போய்விட்டாள். போலீஸ்காரர் ஒருவர் வந்து கேட்டு எழுதிக்கொண்டார். அறுத்துத் தைத்துக் கொடுத்த பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி, பிரவீனே மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினான்.

காரியம் முடிந்த பிறகு ஊர்க்கவுண்டர் கோயிலடியில் கூட்டம் போட்டார். அத்தாயி நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னதெல்லாம் ஒன்றுதான்: அந்த நொண்டிக்காரி மருந்து ஊற்றிப் பேத்தியைக் கொன்றுவிட்டாள். கோகிலவாணி மாமியார் பின்னால் முட்டியில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்சில் சொன்னதை அவள் வீட்டில் சொல்லவில்லை என்பது சென்னம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீதான் ஊத்துனியா?" என்றார் கவுண்டர்.

"ஆமாங்க."

"தாயிகிட்டக் கேக்காமயா?"

"கேக்கலீங்க."

"வேற யாராச்சும் வேற எதையாச்சும் குடுத்தாங்களா?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் கோகிலவாணியின் வகிட்டைப் பார்த்தாள். சொன்னால் பாரம் பாதியாகும். ஆனால் மீதிப் பாதி அத்தாயி வாழ்கிற வீட்டில் அந்தப் பெண்ணின் தலையில் போய் இறங்கும்.

"எங் கையில குடுத்தது எனக்குத் தெரியுமுங்க. அதைச் சொல்லிட்டேன்" என்றாள்.

இனி யாரும் அவளிடம் பிள்ளை விடக் கூடாது என்று முடிவாயிற்று. அப்படிச் சொல்லாவிட்டாலும் யாரும் விட்டிருக்க மாட்டார்கள். தூளிகளை அவளே அவிழ்த்து மடித்து வைத்தாள். பாட்டில்களைத் தாய்மார்கள் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். பாப்பாயியும் வந்தாள். "இன்னும் பாதி இருக்குதுங்கக்கா, வீணாப் போகுது" என்று தயங்கிச் சொன்னாள். டாக்டரம்மா சொன்னதை அவளிடம் சொன்னாள் சென்னம்மாள். பாப்பாயி கேட்டுக்கொண்டாள். பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் எப்படியோ கழிந்தது. மகள் வந்து கூப்பிட்டாள். சம்பந்தி வீட்டில் போய் உட்கார அவள் சம்மதிக்கவில்லை. மறு தையில், மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிற மிளகைப் பொறுக்குகிற வேலை கொடுத்தார் ஒரு தோட்டக்காரர். உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து சருகுக்குள் விரலை விட்டுத் துழாவுகிற வேலை. அதே தோட்டத்தில்தான் கோகிலவாணியும் மரமேறினாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பிள்ளைகளை விட இடமில்லாததால் பெண்கள் தோட்டத்துக்கே தூக்கி வந்து மரத்துக்கு மரம் தூளி கட்டினார்கள். கவிதா என்கிற புதுத் தாயின் எட்டு மாதப் பையன் ஒருநாள் காலையில் விடாமல் இருமினான். கவிதா சோற்றுப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள்.

"வேண்டாம் கண்ணு" என்றாள் சென்னம்மாள் தரையிலிருந்து. "அது சளிக்குக் கேக்காது. தூங்கத்தான் வைக்கும். அத்தனை சின்னதுக்கு மூச்சை அடைச்சிரும்."

கவிதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க சொல்றீங்களாக்கா?"

பக்கத்து மரங்களில் மிளகு பறிக்கிற சத்தம் நின்றது. சென்னம்மாள் தலையைக் குனிந்து சருகைத் துழாவினாள்.

"அவங்க சொல்றது நெசந்தான்." குரல் மேலேயிருந்து வந்தது. கோகிலவாணி மூங்கிலில் ஒரு காலும் கிளையில் ஒரு காலுமாக நின்றிருந்தாள். கீழே பார்க்கவில்லை. "அன்னிக்குக் காத்தால நானும் குடுத்தேன். ரெண்டு மூடி. அவங்களுக்குத் தெரியாது. நான் சொல்லலை."

 சொல்லிவிட்டு ஒரு சரத்தைப் பறித்து மடிச்சாக்கில் போட்டாள்.

கவிதா பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தாள். பையன் அன்று தூங்கவில்லை. இருமினான், அழுதான், பாலைக் குடித்தான், மறுபடி இருமினான். கவிதா மரமேறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். சாயங்காலம் அவள் சாக்கு பாதிகூட நிறையவில்லை. மேஸ்திரி, பிள்ளையைச் சமாளிக்க முடியாதவள் வேலைக்கு ஏன் வருகிறாய் என்றான். மறுநாள் அவள் வரவில்லை.

கோகிலவாணி சொன்னது அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அத்தாயி அவள் சாப்பாட்டுத் தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். வடக்கேயிருந்த பிரவீன் போனில், "ஏன் எங்கிட்ட மறைச்சே?" என்று ஒரு தடவை கேட்டான். பிறகு பல வாரம் போன் வரவில்லை.

நாலைந்து நாள் கழித்துக் கவிதா திரும்ப வேலைக்கு வந்தாள். பையன் இடுப்பிலேயே தூங்கிக்கொண்டு வந்தான். தூளியில் போட்டபோதும் விழிக்கவில்லை. என்ன கொடுத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் யார் முகத்தையும் பார்க்காமல் மரமேறினாள்.

சென்னம்மாள் அன்று அந்தத் தூளியை விட்டு நகரவில்லை. அதைச் சுற்றியே மிளகு பொறுக்கினாள். நொடிக்கொரு தரம் துணியை விலக்கி, பையனின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"மூச்சு வருதாக்கா?" என்று மேலேயிருந்து கோகிலவாணி கேட்டாள்.

"வருது கண்ணு" என்றாள் சென்னம்மாள்.